மல்லாந்து கிடந்த சரித்திரம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் பால்பண்ணை ரவுண்டானாவைத் தாண்டியதும் வருகிற அரியமங்கலத்தை, அவ்வழியே பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த காலம் ஒன்று உண்டு. நகரம் முழுவதும் கழித்த குப்பை பல்லாண்டுகளாக மலையாய்க் குவிந்து கிடந்த இடம் என்பதே அதற்கு வாய்த்த கீர்த்தி. ஆனால் ராஜராஜ சோழனின் விருதுப் பெயரைத் தாங்கிய உய்யக்கொண்டான் வாய்க்கால் தொட்டுச் செல்லும் அந்த ஊருக்கு ஒரு பக்கம், 1920களின் பிற்பகுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்த பொன்மலை ரயில்வே பட்டறையும், மறுபக்கம், 1960களில் எழுந்த திருவெறும்பூர்க் கொதிகலன் தொழிற்சாலையும், ஊருக்குள்ளேயே 1952-ல் தொடங்கிய சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகமும் அமைந்தமையால், அங்கே இரும்போடு பழகாத குடும்பம் அரிது. இரும்போடு பழகியவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: உளி எவ்வளவு கூர்மையாயினும், ஜாபை லேத்தில் பிடித்த பிடி பிசகினால் வேலை கெட்டது.

அவ்வூர்ப் பெரியவர் ஒருவர், பிட்டராக வேலைக்குச் சேர்ந்து, கொதிகலன் குழாய்களின் பற்றவைப்புகளை எக்ஸ்-கிரணப் படமெடுத்துச் சோதிக்கும் பிரிவில் ஓய்வு பெற்றவர், எழுபதாம் வயதைத் தாண்டியபின் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டு கிரணச் சிகிச்சைக்குப் போக நேர்ந்தபோது நான் துணைக்குப் போயிருந்தேன். நம் ஜனங்கள் இச்சிகிச்சையைக் 'கரண்ட் வைத்தல்' என்றே சொல்வார்கள். மின்சாரத்துக்கும் அந்தக் கிரணத்துக்கும் தூரத்து உறவுதான் என்றாலும், வைத்த பெயர் நிலைத்துவிட்டது. முதல் நாள் முழுவதும் கரண்ட் வைக்கவே இல்லை. படுக்க வைத்தார்கள், எழுப்பினார்கள், அளந்தார்கள், மறுபடி படுக்க வைத்தார்கள். வெளியே வந்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எல்லாம் செட்டிங்குதான் தம்பி, வெட்டு ரெண்டு நிமிஷம்" என்றார். இச்சிகிச்சையின் பழங்கதையைச் சொல்ல வருகிறவர்கள் யந்திரங்களின் கதையைத்தான் விஸ்தாரமாகச் சொல்லுகிறார்கள். அந்த யந்திரங்களுக்கு அடியில் ரோகி எப்படிக் கிடந்தான் என்பதை அடிக்குறிப்போடு விட்டுவிடுகிறார்கள். பட்டறை மனிதர் ஒருவர் எடுத்துக் கொடுத்த அடியைக்கொண்டு, அந்த அடிக்குறிப்பையே கதையாக எழுதிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கிடத்தலைச் சாமானியமாக எண்ணுவதற்குக் காவிரிக் கரைக்காரர்களுக்கு உரிமை இல்லை. மேற்கே திருமுடியும் கிழக்கே திருவடியுமாகத் தென்திசை நோக்கி அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் தீவுக்கு எதிர்க்கரையில் வாழ்கிறவர்கள் அல்லவா? நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று தெய்வத்துக்கே மூன்று நிலைகளை வகுத்து, மூன்றாவதை முதலிரண்டுக்கும் குறையாத பெருமையுடையதாக வைத்துப் போற்றியது நம் வைஷ்ணவ மரபு. பேச்சுத் தமிழிலும் மல்லாந்து, குப்புற, ஒருக்களித்து, முடங்கி என்று படுக்கைக்கு எத்தனை நுட்பமான சொற்கள்! வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று அதட்டாத பாட்டியும் நாட்டில் இருந்ததில்லை. அந்தப் பாட்டிகளில் ஒருத்தி இன்று எம்.ஆர்.ஐ. யந்திரத்தின் குகையை எட்டிப் பார்த்தாளானால் நெஞ்சில் அடித்துக்கொள்வாள். அங்கே பெருங்காந்தத்தின் இரு துருவங்களும் தலைமாட்டிலும் கால்மாட்டிலுமாக நிற்பதால், ரோகி எப்படிப் புரண்டு படுத்தாலும் ஏதேனும் ஒரு துருவத்துக்குத் தலை கொடுத்தே ஆகவேண்டும்.

அடிவயிற்று வைத்தியத்துக்காக மனிதனை எப்படிக் கிடத்துவது என்ற பிரச்னை மிகப் பழையது. மூத்திரக் கல்லை அறுத்தெடுக்கும் முறையைச் சொல்ல வந்த சுசுருத சம்ஹிதை, கத்தியை எடுப்பதற்கு முன்னால் படுக்கையைப் பற்றிப் பேசுகிறது: முழங்கால் உயரமுள்ள பலகையில் அஞ்சாத பலசாலி ஒருவனை உட்கார வைத்து, அவன் மடியில் ரோகியின் மேலுடம்பை மல்லாக்கச் சாய்த்து, இடுப்பின் கீழே துணியை மடித்து வைத்து உயர்த்தி, முழங்காலையும் முழங்கையையும் மடக்கிக் கயிற்றாலோ துணியாலோ பிணைக்கச் சொல்லுகிறது. உணர்விழக்கச் செய்யும் மருந்து இல்லாத அக்காலத்தில் அந்த மடிதான் மேசை, அந்தக் கைகள்தான் பூட்டு. ஐரோப்பாவின் கல்லறுப்பு வைத்தியர்களும் இதே நிலையைக் கைக்கொண்டார்கள். கால்களை உயர்த்தி அகற்றிக் கட்டும் அந்தக் கிடைக்குக் கல்லறுப்பின் பெயரே மேனாட்டு வைத்திய நூல்களில் இன்றும் வழங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸிலும் பால்டிமோரிலும் மூத்திரத் தாரை வழியே ரேடியத்தைச் செலுத்திப் புராஸ்டேட் நோயை அடக்க முயன்றார்கள். இன்று கதிரியக்க ஊசிகளை நேரே சுரப்பிக்குள் ஏற்றும்போதும் கால்கள் பழையபடியே உயர்கின்றன.

வெளியிலிருந்து கிரணத்தைப் பாய்ச்சும் சிகிச்சையின் கதை வேறு. ராண்ட்ஜன் 1895-ல் எக்ஸ்-கிரணத்தைக் கண்டறிந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே தோல் நோய்களுக்கும் புற்றுக்கும் அதைப் பிரயோகிக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் ராஜதானியில் 1934-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் காப்டன் பார்னார்டின் பெயரைத் தாங்கிய கிரண வைத்தியக் கழகம் திறக்கப்பட்டபின், திருச்சிப் பக்கத்து ரோகிகளுக்கு ரயிலேறி எழும்பூரில் போய் இறங்கும் வழி ஒன்று பிறந்தது. ஆனால் அந்நாளைய கிரணத்துக்கு ஆழம் போதாது. இடுப்பெலும்புகளுக்கு நடுவே, மூத்திரப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் ஒரு பாக்குப் போல ஒளிந்திருக்கும் சுரப்பியை எட்டுவதற்குள் தோல் வெந்துபோகும். ஆகையால் புராஸ்டேட் நோயாளிக்கு அந்த யந்திரத்தால் பெரிய பிரயோஜனம் ஏற்படவில்லை.

ஆழத்துக்குப் போகும் கிரணம் கோபால்ட்டோடு வந்தது. நம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த துக்கத்தை முப்பது ஆண்டுகள் மனத்தில் சுமந்து, 1954-ல் அடையாற்றில் பன்னிரண்டே படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்கு, அடுத்த சில ஆண்டுகளுக்குள் கானடாவிலிருந்து கோபால்ட் யந்திரம் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் பாக்ஷா என்ற வைத்தியர் மின்விசையால் முடுக்கும் புது யந்திரத்தைக்கொண்டு புராஸ்டேட் சுரப்பிக்குக் கிரணம் பாய்ச்சத் தொடங்கினார். இப்போது கிரணம் தோலை அதிகம் சுடாமல் உள்ளே போயிற்று. போனபின்தான் வைத்தியர்களுக்கு வேறொரு சங்கடம் புலப்பட்டது. சுடுவதற்குத் துப்பாக்கி கிடைத்துவிட்டது, குறி எங்கே? முன்னிருந்து ஒரு முறை, பின்னிருந்து ஒரு முறை என்று பாய்ச்ச வேண்டியபோது, சுற்றி வர இயலாத யந்திரங்களின் கீழே ரோகியைத்தான் புரட்டிப் போட்டார்கள். மல்லாந்தபோது இருந்த இடத்தில் குப்புறப் படுத்தபோதும் சுரப்பி இருக்கும் என்பது ஒரு நம்பிக்கையே தவிர நிச்சயம் அல்ல. அதற்குப் பரிகாரமாகக் கிரணத்தின் அகலத்தைத் தாராளமாக வைத்துக்கொண்டார்கள். குறி தப்பாது; ஆனால் அக்கம்பக்கத்து மூத்திரப்பையும் மலக்குடலும் அந்தத் தாராளத்துக்கு வரி கட்டின.

அளவைக் குறுக்க வேண்டுமானால் கிடை மாறக் கூடாது. இன்று மல்லாந்து கிடந்தவன் நாளையும், நாளை மறுநாளும், ஏழெட்டு வாரம் வரையிலும் அதே கிடையில் கிடக்க வேண்டும். சுவர்களிலிருந்து பாயும் மெல்லிய ஒளிக்கோடுகள் உடம்பின் மேல் எங்கே வெட்டிக்கொள்கின்றனவோ அங்கே புள்ளி குத்தும் வழக்கம் இதற்காகவே பிறந்தது: முன்புறம் ஒன்று, இரு இடுப்புப் பக்கங்களிலும் ஒவ்வொன்று. ஆரம்பத்தில் வெறும் சாய மையால் கோடு கிழித்து, குளிக்கும்போது அங்கே சோப்புப் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வியர்வை ஆறாய்ப் பெருகும் திருச்சி வெயிலில் எந்தக் கோடு எத்தனை நாள் நிற்கும்? பின்னர், பச்சை குத்துகிற மாதிரி ஊசியால் ஒரு துளி மையை ஏற்றிவிட்டார்கள். சீனத்தில் விளைந்து, இந்தியா வழியாக மேற்கே போனதனால் ஆங்கிலேயர் 'இந்தியா மை' என்று பெயரிட்ட அந்தக் கறுப்பு மை, உலகத்தையெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் நம்மவர் அடிவயிற்றில் வந்து அமர்ந்தது.

உடம்பின் புறத்தே புள்ளி வைத்தாயிற்று. அகத்தே இருக்கும் சுரப்பியைப் பார்ப்பது எப்படி? 1971-ல் இங்கிலாந்தில் தலையைக் குறுக்கே அரிந்து காட்டிய ஹௌன்ஸ்பீல்டின் சி.டி. யந்திரம், சில ஆண்டுகளில் உடம்பையும் அவ்வாறே அரிந்து காட்டியது. எலும்பைத் துலக்கிக் காட்டிய அது, புராஸ்டேட்டையும் அதை ஒட்டிய தசைகளையும் ஒரே சாம்பல் நிறமாக மெழுகிவிட்டது. அந்த மெழுகலைப் பிரித்துக் காட்டியது காந்தம். உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைப் பெருங்காந்தத்துள் வைத்து ரேடியோ அலையால் தட்டினால் அவை பதில் குரல் கொடுக்கும். இந்தத் தத்துவத்தில் நமக்கும் ஒரு சிறு பாத்தியதை உண்டு. நம் திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன் 1934-ல் பெங்களூரில் ஸ்தாபித்த இந்திய விஞ்ஞான அகாடமியின் சஞ்சிகையில், 1951-ஆம் ஆண்டிலேயே, ஓடும் திரவங்களில் அணுக்கரு அதிர்வைப் பற்றி சூர்யன் என்பவர் எழுதிய கட்டுரை வெளியாயிற்று. காந்தப் படத்தால் ரத்த ஓட்டத்தை அளக்கும் வித்தைக்கு அதை முன்னோடியாகக் கொள்கிறார்கள்.

மனித உடம்பை முதன்முதல் இவ்வாறு படமெடுத்த சம்பவம் 1977 ஜூலை 3-ந் தேதி நியூயார்க்கில் நடந்தது. டமேடியன் என்ற வைத்தியர் தாமே உள்ளே புக முயன்று, பருத்த சரீரத்தால் பயன் விளையாமல், மெலிந்த சீடர் மின்காபை அமர்த்தினார். அந்த யந்திரத்துக்கு ஒரு சமயத்தில் ஒரு புள்ளியைத்தான் பார்க்க முடியும். ஆகையால் புள்ளிக்குப் புள்ளி மனிதரையே இம்மி இம்மியாக நகர்த்தி, ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக உழைத்து, மார்பின் ஒரு வெட்டுப் படத்தைப் பெற்றார்கள். ஆகக் காந்தப் படம் பிறந்த நாளிலேயே அது ஆளை நகர்த்தி வைக்கும் வேலையாகத்தான் பிறந்தது. நம் தேசத்தில் 1980களின் நடுவில் தில்லிக்கு வந்த எம்.ஆர்.ஐ., அடுத்த இருபது ஆண்டுகளில் திருச்சி தில்லைநகர்த் தெருக்கள் வரை வந்துவிட்டது. அதன் காந்தம் இந்த ஊரில் திசைகாட்டி முள்ளைத் திருப்பும் பூமியின் காந்தத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல்.

1990களில் அமெரிக்காவிலும் ஹாலந்திலும் ஒரே மனிதரின் சுரப்பியை இருவகைப் படத்திலும் வரைந்து பார்த்தவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது: சி.டி. படத்தில் வரைந்த புராஸ்டேட், காந்தப் படத்தில் வரைந்ததைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருத்திருந்தது. சுரப்பி அல்லாத இடத்தையெல்லாம் சுரப்பியென்று நினைத்துச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது இதன் பொருள். உடனே, கிரண அளவைக் கணிக்கச் சி.டி.யும் சுரப்பியின் எல்லையை வரையக் காந்தப் படமுமாக இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் முறை ஏற்பட்டது. இந்தப் பொருத்தம் நமது கல்யாணப் பொருத்தங்களைப் போலவே காகிதத்தில் எளிது.

ஏனெனில் படுக்கைகள் இரண்டும் பகை. நோய் நிர்ணயத்துக்காகச் செய்த எம்.ஆர்.ஐ. மேசை, ரோகியின் சௌகரியத்தைக் கருதி நடுவில் குழிந்து, அதன்மேல் மெத்தையும் விரித்தது; கயிற்றுக் கட்டிலில் கிடப்பதுபோல் உடம்பு அதில் தொய்ந்து அமர்கிறது. கிரணச் சிகிச்சையின் மேசையோ வெறும் தட்டைப் பலகை. குழிவில் கிடக்கும்போது பிருஷ்டத்துச் சதை ஒரு விதமாகவும், பலகையில் கிடக்கும்போது வேறு விதமாகவும் பரவுகிறது. இடுப்பு சற்றே உருள்கிறது. தொடையெலும்பின் திசை மாறுகிறது. உள்ளே இருக்கும் உறுப்புகளும் இடம் பெயர்கின்றன. நம் பெரியவரின் பழைய எம்.ஆர்.ஐ. படத்தை அப்படியே உபயோகிக்க முடியாது, மறுபடி எடுக்க வேண்டும் என்று சொன்னபோது, பணம் பறிக்கிறார்கள் என்று நான் முணுமுணுத்தேன். அவர் என்னை அடக்கினார். "வி பிளாக்கிலே வச்சு அளந்துட்டு, தட்டை டேபிள்ளே வச்சு வெட்டினா அளவு எப்படி நிக்கும்?" என்றார். அந்தக் கேள்வியைப் புராஸ்டேட் வைத்தியர்கள் கேட்கக் கற்றுக்கொண்டது காந்தப் படம் வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே என்பதை நினைத்தால், பட்டறையில் பயின்ற புத்தியின் மேல் மரியாதை பெருகுகிறது.

பரிகாரம் ஒரு பலகைதான். குழிந்த மேசையின் மேல் தட்டைப் பலகையைப் பரப்பி, சிகிச்சை அறையில் வைக்கிற அதே முழங்கால் தாங்கியையும் அதே பாதத் தடுப்பையும் அதே இடைவெளியில் இங்கேயும் வைக்கிறார்கள். ஆனால் சிகிச்சை மேசையின் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட முடியாது. கார்பன் இழையால் ஆன அது மின்சாரத்தைக் கடத்துமாதலால், ரேடியோ அலையில் சூடேறிப் படத்தையும் குலைக்கும். கண்ணாடி இழை போன்ற மின் கடத்தாப் பொருளால் வேறு பலகை செய்தாக வேண்டும். அணுக்கருக்களின் பதில் குரலைக் கேட்க வயிற்றின் மேல் வைக்கிற கம்பிச்சுருளான காயிலும் இப்படியே. அதைப் போர்வை மாதிரி அப்படியே போர்த்தி இறுக்கினால் குரல் நன்றாகக் கேட்கும், வயிறு அமுங்கி உருவம் மாறிவிடும். ஆகையால் பாலம் போன்ற ஒரு சட்டத்தில் அதைச் சற்றே தூக்கி நிறுத்தி, கொஞ்சம் குரலை விட்டுக்கொடுத்து உருவத்தைக் காப்பாற்றுகிறார்கள். மலக்குடலுக்குள்ளேயே காயிலைச் செலுத்தி மிகத் தெளிவான படமெடுத்த ஒரு முறையும் இருந்தது. சுரப்பியை அது நசுக்கிவிட்டமையால், திட்டமிடும் படத்துக்கு அதை ஒதுக்கிவிட்டார்கள்.

குகைக்குள் நுழையுமுன் நடந்த விசாரணையையும் சொல்ல வேண்டும். இதயத்தில் கருவி உண்டா, எலும்பில் தகடு உண்டா என்று கேட்டு வந்த இளைஞர், "வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்திருக்கீங்களாய்யா? கண்ணுல இரும்புத் தூள் பட்டிருக்கா?" என்றார். "படாத வருஷம் உண்டா தம்பி!" என்று பெரியவர் சிரித்ததும் முதலில் கண்ணுக்கு எக்ஸ்-கிரணப் படமெடுக்க அனுப்பிவிட்டார்கள், கண்ணுக்குள் தங்கிய துகளைக் காந்தம் இழுத்துவிட்டால் பார்வை போகுமல்லவா? அரியமங்கலத்திலிருந்து வருகிறவர்களிடம் அந்தக் கேள்வி வெறும் சடங்கு அல்ல. அடுத்தது அரைஞாண். ஐம்பது ஆண்டாக இடுப்பை விட்டு நீங்காத கறுப்புக் கயிற்றில் தாயத்து ஒன்று கோத்திருந்தது; அதை அறுத்தபோது, கயிறு இருந்த இடத்தில் இடுப்பைச் சுற்றி வெளுத்த கோடு ஒன்று தெரிந்தது. புள்ளி குத்தியபோது பக்கத்துப் புள்ளி இரண்டும் அந்தக் கோட்டுக்குச் சற்றே கீழே விழுந்தன.

வயிற்றுக்கு உள்ளேயும் கிடை உண்டு. மூத்திரப்பை நிறைந்தால் ஒரு நிலை, காலியானால் ஒரு நிலை. மலக்குடலில் வாயு திரண்டால் சுரப்பி முன்னே தள்ளப்பட்டு, சில மில்லிமீட்டர் தொடங்கிச் சில சமயம் ஒரு சென்டிமீட்டர் வரையிலும் நகர்ந்துவிடும். ஆகையால் முந்தின நாளே மொச்சையும் கிழங்கும் தள்ளுபடி. காலையில் வயிறு கழிந்து, மூத்திரம் கழித்தபின், அளந்து கொடுத்த அரை லிட்டர் தண்ணீரைக் குடித்து முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். சி.டி. ஒரு கட்டடத்திலும் எம்.ஆர்.ஐ. வேறொரு தெருவிலுமாக இருந்தமையால், அந்த அரை லிட்டரைச் சுமந்துகொண்டு பெரியவர் ஆட்டோவில் போனார். வேகத்தடை ஒவ்வொன்றிலும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரே கட்டடத்துக்குள் இரண்டையும் அமைத்திருந்தால் இந்தச் சோதனை எதற்கு என்று இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

குப்புறப் படுக்க வைத்தால் சுரப்பி மலக்குடலை விட்டு விலகி நிற்கும் என்று 1990களில் ஒரு கட்சி வாதித்தது. டொராண்டோ நகரத்தார் இரு கிடைகளையும் ஒப்பிட்டு 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் மல்லாந்த கிடையே வென்றது. குப்புறக் கிடந்தவர் மூச்சு விடும்போதெல்லாம் வயிறு அமுங்கிச் சுரப்பி அசைந்தது, ரோகிகளுக்கும் அது சௌகரியப்படவில்லை. பிறகு, அரிசி மணி போன்ற தங்கத் துண்டுகளைச் சுரப்பிக்குள்ளேயே பதித்து, தினமும் அவற்றைப் பார்த்துக் குறி வைக்கும் முறையும் வந்தது. காந்தத்துக்கு மசியாத அந்தத் தங்கம், காந்தப் படத்தில் மட்டும் கரும் பொத்தலாய்த் தெரியும். 2017-ல் ஹாலந்தின் உட்ரெக்ட் நகரத்தில் எம்.ஆர்.ஐ.யையும் கிரண யந்திரத்தையும் ஒன்றாக இணைத்த புது யந்திரம் ஒன்றில் முதல் ரோகி சிகிச்சை பெற்றார். ஒரே படுக்கை, ஒரே கிடை. இதற்கிடையில் இங்கிலாந்தில் 2016-ல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று, ஏழெட்டு வாரச் சிகிச்சையை இருபதே நாள் தவணையில் முடிக்கலாம் என்று காட்டியது. தவணை குறையக் குறைய, ஒரு நாள் கிடையில் நேரும் பிசகின் விலை ஏறுகிறது.

பெரியவருக்கும் இருபது நாள்தான். வாரத்துக்கு ஐந்து நாள், அரை லிட்டர் தண்ணீர், தட்டைப் பலகை, முழங்காலுக்குத் தாங்கி, மார்பின் மேல் கோத்த கைகள். ஆயுள் முழுவதும் தரையில் பாயை விரித்துப் படுத்த முதுகு ஆதலால் பலகை அவரை வருத்தவில்லை. மெத்தையில் பழகியவர்கள்தான் அங்கே நெளிந்தார்கள். கடைசி நாளன்று, இடுப்புப் புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே, "இது அழியாதா தம்பி?" என்று கேட்டார்.

"அழியாதுங்கய்யா."

"சென்டர் பஞ்ச் அடிச்ச மாதிரி" என்றார். வீட்டுக்கு வந்ததும் புதுக் கறுப்புக் கயிறு வாங்கி வரச் சொல்லி, பழைய தாயத்தையே அதில் கோத்து, புள்ளிக்கு ஒரு விரற்கடை மேலே கட்டிக்கொண்டார்.